மீசானுக்குள் என்ன குவார்க்? அட்டவணையை மனப்பாடம் செய்யாமல் எழுதுவது எப்படி

பிஜி டிஆர்பி, நெட், ஜாம் என்று எந்தத் தேர்வுக்குப் படித்தாலும் துகள் இயற்பியலில் இப்படி ஒரு கேள்வி எப்படியும் எட்டிப் பார்க்கும்: இந்த மீசானின் குவார்க் அமைப்பு என்ன? குவார்க் என்பது புரோட்டான் போன்றவற்றுக்குள் இருக்கும் அடிப்படைத் துகள், ஒரு குவார்க்கும் ஓர் எதிர்க்குவார்க்கும் சேர்ந்தது மீசான். காட்பாடியில் மாலை நேரத்தில் எம்.எஸ்சி. பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறேன். குடியாத்தம், ஆற்காடு, ராணிப்பேட்டை பக்கத்திலிருந்து பஸ் பிடித்து வருகிறவர்கள். பெரும்பாலானவர்கள் நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஓர் அட்டவணையை எழுதி வைத்து உருப்போடுகிறார்கள், அப்புறம் பரீட்சை ஹாலில் கே ஜீரோவையும் எதிர் கே ஜீரோவையும் மாற்றி எழுதிவிட்டு வருகிறார்கள். அந்த அட்டவணையே வேண்டாம் என்பதுதான் என் கட்சி. ஆறு குவார்க்குகளின் மின்னூட்டமும் ஒரே ஒரு குறி விதியும் தெரிந்தால் போதும், பெரும்பாலான மீசான்களை அங்கேயே உட்கார்ந்து எழுதிவிடலாம். சில நடுநிலை மீசான்கள் மட்டும் அப்படி மடங்காது, அவற்றைப் புரிந்துகொண்டுதான் ஆக வேண்டும். அதனால் அங்கே கொஞ்சம் நின்று பேசப் போகிறேன்.

நிறைகளை மெகா எலக்ட்ரான்வோல்ட்டில் சொல்கிறேன், அலகை ஒவ்வொரு முறையும் எழுதவில்லை. அளவு பிடிபட இரண்டு எண்கள்: எலக்ட்ரான் 0.511, புரோட்டான் 938.

முதலில், இது எங்கே இருக்கிறது?

மீசான் என்றால் ஜெனிவாவில் துகள் முடுக்கிச் சுரங்கத்துக்குள் மட்டும் உண்டாகிற பொருள் என்று பலர் நினைக்கிறார்கள். வேலூர் கோட்டை அகழி ஓரம் நீங்கள் சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் தலைக்கு மேலே 15, 20 கிலோமீட்டர் உயரத்தில் அது உண்டாகிக்கொண்டேதான் இருக்கிறது. விண்வெளியிலிருந்து வரும் அதிவேகப் புரோட்டான் காற்றில் உள்ள நைட்ரஜன், ஆக்சிஜன் அணுக்கருவில் மோத, பையான் (பை), கேயான் (கே) என்ற மீசான்கள் சிதறுகின்றன. மின்னூட்டம் உள்ள பையான் சிதைந்து மியூவானும் (எலக்ட்ரானின் கனமான உறவு) நியூட்ரினோவும் (மின்னூட்டமில்லாத, மிக லேசான துகள்) ஆகிறது, அந்த மியூவான் தரை வரை வந்துவிடுகிறது. கடல்மட்டத்தில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு நிமிடத்துக்கு ஏறக்குறைய ஒன்று என்பது கணக்கு. உள்ளங்கையை விரித்துப் பிடித்தால் நொடிக்கு ஒன்றாவது அதன் வழியாகப் போகும்.

வட ஆற்காட்டுக் குடும்பங்கள் பலவற்றில் கோலார் தங்கவயலுக்கு வேலைக்குப் போன தாத்தா ஒருவர் இருப்பார். அதே சுரங்கத்தில் 2 கிலோமீட்டருக்கும் கீழே கருவிகளை வைத்துத்தான், 1965-இல் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தாரும் ஜப்பான், இங்கிலாந்து ஆய்வாளர்களும் வளிமண்டல நியூட்ரினோக்களின் தடயத்தைக் கண்டார்கள். அந்த நியூட்ரினோக்கள் எங்கிருந்து வந்தவை? மேலே சிதைந்த பையான், கேயான், மியூவான்களிலிருந்து.

வரலாற்றையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், கேள்விக்கு உதவும். அணுக்கருவைக் கட்டிப்பிடிக்கும் விசைக்கு ஒரு தூதுத் துகள் வேண்டும், அது எலக்ட்ரானைப் போல் சுமார் 200 மடங்கு கனமாக இருக்கும் என்று யுகாவா 1935-இல் சொன்னார். அடுத்த ஓரிரு ஆண்டுகளில் காஸ்மிக் கதிரில் ஏறக்குறைய அதே நிறையில் ஒரு துகள் கிடைத்தது, எல்லோரும் இதுதான் அது என்று நம்பினார்கள். ஆனால் அது அணுக்கருவைக் கண்டுகொள்ளவே இல்லை. அது மியூவான். பழைய புத்தகங்களில் "மியூ மீசான்" என்று இருந்தால் அடித்துவிடுங்கள். அது லெப்டான், அதாவது எலக்ட்ரான் குடும்பம், உள்ளே குவார்க்கே கிடையாது. உண்மையான பையானை 1947-இல் பவல், லாட்டஸ், ஒக்கியாலினி குழு புகைப்படத் தகட்டில் பிடித்தது. அதற்கு முன்பே 1940-களின் தொடக்கத்தில் கல்கத்தாவின் டி.எம். போசும் பிபா சௌத்ரியும் டார்ஜிலிங் பக்கத்து மலைகளில் தகடுகளை வைத்து இதே வழியில் போய்க்கொண்டிருந்தார்கள். போர்க்காலத்தில் அவர்களுக்கு நல்ல தகடு கிடைக்கவில்லை. 1950 நோபல் பவலுக்குப் போனது. பிபா சௌத்ரியின் பெயர் நம் பாடப்புத்தகங்களில் இன்னும் பெரிதாக வரவில்லை என்பது எனக்கு ஒரு குறை.

படி 1: ஆறு குவார்க், இரண்டே மின்னூட்டம்

அப், சார்ம், டாப் மூன்றுக்கும் +2/3. டவுன், ஸ்ட்ரேஞ்ச், பாட்டம் மூன்றுக்கும் −1/3. எதிர்க்குவார்க்குக்குக் குறியைத் திருப்பிப் போடுங்கள்: எதிர்-அப் −2/3, எதிர்-டவுன் +1/3. இதில் உருப்போட வேறு ஒன்றும் இல்லை.

டாப்பை இப்போதே ஓரம் வைத்துவிடலாம். அதன் ஆயுள் சுமார் 5 × 10⁻²⁵ நொடி. இன்னொரு குவார்க்கோடு சேர்ந்து ஒரு சாதாரண மீசான் ஆவதற்குள் அது சிதைந்துவிடும். ஆக மீசான் கணக்குக்கு ஐந்து குவார்க்தான்.

படி 2: ஏன் ஒரு குவார்க், ஓர் எதிர்க்குவார்க்?

குவார்க்குக்கு நிறம் என்று ஒரு பண்பு உண்டு. கண்ணுக்குத் தெரியும் நிறத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. வலுவான விசைக்கான மின்னூட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தனியாக உலாவுகிற எந்தத் துகளும் மொத்தத்தில் நிறமற்றதாக இருக்க வேண்டும். மூன்று நிறக் குவார்க் சேர்ந்தால் ஒரு பேரியான், புரோட்டான் போல. ஒரு நிறமும் அதன் எதிர்நிறமும் சேர்ந்தால் மீசான். குவார்க்குக்கு 1/3, எதிர்க்குவார்க்குக்கு −1/3 என்று இருக்கும் பேரியான் எண்ணும் கழிந்து பூஜ்யமாகிறது, அதனால்தான் மீசான்களை எத்தனை வேண்டுமானாலும் உண்டாக்கலாம், அழிக்கலாம்.

இதிலிருந்தே ஒன்று கிடைக்கும். ஒரு குவார்க்கும் ஓர் எதிர்க்குவார்க்கும் சேர்ந்து அதிகபட்சம் 2/3 + 1/3 = 1. ஆக மீசானின் மின்னூட்டம் +1, 0, −1 மட்டுமே. +2 மின்னூட்டத்தோடு மீசான் மாதிரி ஏதாவது வந்தால் அது வெறும் இரட்டையர் இல்லை. 2022-இல் ஜெனிவாவின் எல்எச்சிபி சோதனையில் அப்படி ஒன்று கிடைத்தது, நிறை சுமார் 2900. அதில் சார்ம், எதிர்-ஸ்ட்ரேஞ்ச், அப், எதிர்-டவுன் என நான்கு பேர். கூட்டிப் பாருங்கள், சரியாக 2 வரும்.

படி 3: குறி விதி

பிள்ளைகள் சறுக்குவது இங்கேதான். ஒவ்வொரு கனமான குவார்க்குக்கும் அதன் வகையைச் சொல்லும் ஒரு ஃபிளேவர் எண் உண்டு, அதன் குறி அந்தக் குவார்க்கின் மின்னூட்டத்தின் குறியேதான். சார்ம் குவார்க்கின் மின்னூட்டம் பிளஸ், எனவே அதன் சார்ம் எண் +1. ஸ்ட்ரேஞ்ச் குவார்க்கின் மின்னூட்டம் மைனஸ், எனவே அதன் ஸ்ட்ரேஞ்ச்னெஸ் −1. பாட்டமும் அப்படியே −1. எதிர்க்குவார்க் என்றால் எல்லாம் தலைகீழ்.

இதைப் பிடித்துக்கொண்டால் பெயரிலிருந்தே எழுதலாம். கே என்றால் உள்ளே ஸ்ட்ரேஞ்ச் வகை ஒன்று, டி என்றால் சார்ம் வகை, பி என்றால் பாட்டம் வகை. கூட இருப்பது அப் அல்லது டவுன் என்றால் பெயரில் ஒன்றும் சேர்க்க மாட்டார்கள். ஸ்ட்ரேஞ்சோ சார்மோ என்றால் அதைக் கீழே சின்ன எழுத்தாகப் போடுவார்கள்.

கே பிளஸ்ஸை எடுங்கள். மின்னூட்டம் +1. ஸ்ட்ரேஞ்ச் குவார்க் (−1/3) போட்டால் மீதி +4/3 வேண்டும், அப்படி எதுவும் கிடையாது. எதிர்-ஸ்ட்ரேஞ்ச் (+1/3) போட்டால் மீதி +2/3, அது அப். முடிந்தது: அப், எதிர்-ஸ்ட்ரேஞ்ச். ஸ்ட்ரேஞ்ச்னெஸ் +1. கே மைனஸ் இதன் தலைகீழ்: ஸ்ட்ரேஞ்ச், எதிர்-அப். கே ஜீரோ, கே பிளஸ்ஸின் கூட்டாளி, எனவே அதிலும் எதிர்-ஸ்ட்ரேஞ்ச்தான் இருக்கும், அப்புக்குப் பதில் டவுன். எதிர் கே ஜீரோவில் ஸ்ட்ரேஞ்சும் எதிர்-டவுனும். இரண்டும் நடுநிலைதான், ஆனால் வேறு வேறு துகள்கள்.

டி பிளஸ்: சார்ம், எதிர்-டவுன். டி ஜீரோ: சார்ம், எதிர்-அப். டிஎஸ் பிளஸ்: சார்ம், எதிர்-ஸ்ட்ரேஞ்ச். இங்கே பெயரில் 'எதிர்' என்று இல்லாத டி ஜீரோவில் சார்ம் குவார்க் நேராக இருக்கிறது. பி ஜீரோவில் மட்டும் எதிர்-பாட்டமும் டவுனும். ஏன் ஒன்றில் குவார்க், இன்னொன்றில் எதிர்க்குவார்க் என்று குழம்ப வேண்டாம், இரண்டிலும் ஃபிளேவர் எண் +1 ஆக இருக்க வேண்டும் என்பதுதான் வழக்கம். பி பிளஸ்: அப், எதிர்-பாட்டம். பிஎஸ்: ஸ்ட்ரேஞ்ச், எதிர்-பாட்டம். பிசி பிளஸ்: சார்ம், எதிர்-பாட்டம், இது 1998-இல் ஃபெர்மி ஆய்வகத்தில் கிடைத்தது, நிறை சுமார் 6274.

ஐந்து குவார்க், ஐந்து எதிர்க்குவார்க் என்றால் 25 ஜோடி. அதில் 20 ஜோடியை மேலே சொன்ன வழியிலேயே எழுதிவிடலாம். மீதி ஐந்தும் தன் எதிரோடு தானே சேர்ந்தவை.

படி 4: அந்த ஐந்து, குறிப்பாக முதல் மூன்று

அப் எதிர்-அப், டவுன் எதிர்-டவுன், ஸ்ட்ரேஞ்ச் எதிர்-ஸ்ட்ரேஞ்ச். மூன்றுக்கும் மின்னூட்டம் பூஜ்யம், எல்லா ஃபிளேவர் எண்ணும் பூஜ்யம். வெளியிலிருந்து பார்த்தால் எது எது என்று பிரிக்க எந்த எண்ணும் கையில் இல்லை. அப்படி இருக்கும்போது குவாண்டம் இயங்கியலில் கலப்பு வந்தே தீரும். ஓர் அப் ஜோடி அழிந்து குளுவானாகி (வலுவான விசையின் தூதுத் துகள்) டவுன் ஜோடியாக மாறுவதை எதுவும் தடுக்கவில்லை. ஆகவே இயற்கையில் திட்டமான நிறையோடு நிற்பது இந்த மூன்றின் கலவைகள்தான்.

பை ஜீரோவில் அப் ஜோடியும் டவுன் ஜோடியும் சம அளவில், நடுவே மைனஸ் குறி, மொத்தத்தை ரூட் 2-ஆல் வகுக்க வேண்டும். "பை ஜீரோ பாதி நேரம் அப் ஜோடி, பாதி நேரம் டவுன் ஜோடி" என்று சில கைடுகளில் போட்டிருப்பதை நம்பாதீர்கள். அளந்தால் இரண்டுக்கும் பாதிப் பாதி வாய்ப்பு, சரி. ஆனால் அந்த மைனஸ் குறிதான் அதை பை பிளஸ், பை மைனஸ் இரண்டோடும் ஒரே ஐசோஸ்பின் (அப், டவுன் இரண்டையும் ஒரே துகளின் இரு நிலைகளாகப் பார்க்கும் எண்) குடும்பத்தில் வைக்கிறது. பிளஸ் குறி போட்டால் அது வேறு ஆள், ஐசோஸ்பின் பூஜ்யம்.

அந்த ஐசோஸ்பின் பூஜ்யக் கட்சியில் இரண்டு பேர். ஒன்று அப் ஜோடி, டவுன் ஜோடியைக் கூட்டி ஸ்ட்ரேஞ்ச் ஜோடியை இரண்டு மடங்கு கழித்து ரூட் 6-ஆல் வகுத்தது. மற்றது மூன்றையும் சமமாகக் கூட்டி ரூட் 3-ஆல் வகுத்தது. ஈட்டா (548) ஏறக்குறைய முதலாவது, ஈட்டா பிரைம் (958) ஏறக்குறைய இரண்டாவது. ஏறக்குறைய என்று சொல்வதைக் கவனியுங்கள், இவை இரண்டும் தங்களுக்குள் இன்னும் கொஞ்சம் கலந்திருக்கின்றன. ஈட்டா பிரைம் ஏன் புரோட்டானையே தாண்டுகிற கனம் என்பது பல காலம் தலைவலியாக இருந்தது. குளுவான் புலத்தின் விசேஷமான விளைவு ஒன்று அதன் நிறையை மேலே தள்ளுகிறது என்று 1970-களில் இயற்பியலாளர் டி ஹூஃப்ட் வழியாகத் தெளிவானது.

இப்போது வேடிக்கை. அதே மூன்று ஜோடிகளை ஸ்பின் (துகளின் உள்ளார்ந்த சுழற்சி அளவு) 1-இல் வைத்தால் கலப்பு வேறு மாதிரி விழுகிறது. ஒமேகாவில் (783) பெரும்பாலும் அப், டவுன் ஜோடிகள் மட்டும். ஃபை மீசான் (1019) ஏறக்குறைய சுத்தமான ஸ்ட்ரேஞ்ச் ஜோடி. எப்படித் தெரியும்? அது சிதைவதைப் பாருங்கள். ஃபை மூன்று பையான்களாகச் சிதைந்தால் கையில் 600-க்கும் மேல் ஆற்றல் மிச்சம், தாராளம். இரண்டு கேயான்களாகச் சிதைந்தால் மிச்சம் வெறும் 30 சொச்சம், நெருக்கடி. ஆனாலும் நூற்றுக்கு 83 தடவை அது கேயான் பக்கமே போகிறது. உள்ளே இருக்கிற ஸ்ட்ரேஞ்சையும் எதிர்-ஸ்ட்ரேஞ்சையும் அழிக்காமல் வெளியே கொண்டுபோக அதுதான் வழி. தேர்வில் ஓஇசட்ஐ விதி (உள்ளே இருக்கும் ஜோடி அழிந்தாக வேண்டிய சிதைவு அடங்கிப்போகும்) என்று கேட்டால் இந்த ஓர் உதாரணம் போதும்.

மீதி இரண்டும் சுலபம். சார்ம் ஜோடி ஜே-சை (3097), பாட்டம் ஜோடி உப்சிலான் (9460). இவை மற்றவற்றோடு கலப்பது மிகமிகக் குறைவு, நிறை வித்தியாசம் அவ்வளவு பெரிது.

படி 5: ஒரே குவார்க், வேறு மீசான்

பை பிளஸ்: அப், எதிர்-டவுன். ரோ பிளஸ்: அப், எதிர்-டவுன். விடைத்தாளில் இரண்டுக்கும் ஒரே விடை எழுதினால் தப்பில்லை. இரண்டு குவார்க்கின் ஸ்பின்னும் எதிரெதிரே நின்றால் மொத்தம் 0, அது பையான், 140. ஒரே பக்கம் நின்றால் மொத்தம் 1, அது ரோ, 775. ஸ்பின்னைத் திருப்பியதற்கு இவ்வளவு விலை.

சுற்றுப்பாதைக் கோண உந்தத்தை எல் என்றும், இரண்டு ஸ்பின்னும் சேர்ந்ததை எஸ் என்றும் வையுங்கள். எல் இரட்டைப்படை என்றால் பாரிட்டி (கண்ணாடிப் பிம்பம் போலத் திருப்பினால் வரும் குறி) மைனஸ், ஒற்றைப்படை என்றால் பிளஸ். தன் எதிர்த்துகள் தானேயான நடுநிலை மீசானுக்கு இன்னொன்று: எல்லும் எஸ்ஸும் கூட்டி இரட்டைப்படை வந்தால் சி-பாரிட்டி (துகளை எதிர்த்துகளாக மாற்றினால் வரும் குறி) பிளஸ், இல்லையென்றால் மைனஸ்.

இதை வைத்து நுணுக்கமான கேள்வி ஒன்று கேட்பார்கள்: ஸ்பின் 1, பாரிட்டி மைனஸ், சி-பாரிட்டி பிளஸ் என்று ஒரு மீசான் இருக்க முடியுமா? பாரிட்டி மைனஸ் என்றால் எல் இரட்டைப்படை. சி பிளஸ் என்றால் எஸ்ஸும் இரட்டைப்படை, அதாவது 0. அப்போது மொத்த ஸ்பின் எல்லேதான், இரட்டைப்படை, 1 வராது. சாதாரண மீசானுக்கு முடியாது. அப்படி ஒன்று கிடைத்தால் உள்ளே குளுவானும் பங்கேற்கிறது, அல்லது நான்கு குவார்க் இருக்கிறது என்று சந்தேகப்பட வேண்டும்.

படி 6: நிறையைக் கூட்டாதீர்கள்

அப் சுமார் 2.2, டவுன் சுமார் 4.7. கூட்டினால் 7. பையான் 140. மீதி எங்கிருந்து வந்தது? குளுவான் புலத்தின் ஆற்றலும் குவார்க்கின் இயக்க ஆற்றலும்தான் பெரும்பகுதி. ஆனால் உண்மையான ஆச்சரியம் வேறு: ரோ 775 இருக்கும்போது பையான் ஏன் இவ்வளவு லேசு? கைரல் சமச்சீர்மை (இடக்கை, வலக்கைக் குவார்க்குகளைத் தனித்தனியாக நடத்தும் சமச்சீர்மை) தானாக உடைவதால் பையான் ஏறக்குறைய நிறையற்றதாகப் பிறக்கிறது, குவார்க்குக்கு இருக்கிற அந்தக் கொஞ்ச நிறையால்தான் அதற்கும் நிறை வருகிறது. இந்தச் சிந்தனை இயற்பியலாளர் யோய்ச்சிரோ நம்புவினுடையது, 2008 நோபலில் அவருக்குப் பாதிப் பங்கு. கனமான குவார்க்குக்கு வந்தால் கூட்டல் கொஞ்சம் கிட்டே வரும்: சார்ம் 1270, இரண்டு மடங்கு 2540, ஜே-சை 3097.

படி 7: சிதைவைச் சரிபார்த்தல்

மண்டியில் வரவு செலவு போடுவது போல இரண்டு பக்கமும் எழுதுங்கள்: மின்னூட்டம், பேரியான் எண், லெப்டான் எண், அப்புறம் ஃபிளேவர் எண்கள். முதல் மூன்று எப்போதும் ஒத்துப்போக வேண்டும். ஃபிளேவரும் ஒத்துப்போனால் வலுவான விசையோ மின்காந்த விசையோ அந்த வேலையைச் செய்யலாம், சீக்கிரம் முடியும். ஃபிளேவர் மாறினால் வலுக்குறைந்த விசைதான், நேரமாகும்.

கே பிளஸ், பை பிளஸ்ஸும் பை ஜீரோவுமாகச் சிதைகிறது. முன்பு ஸ்ட்ரேஞ்ச்னெஸ் +1, பின்பு 0. ஆக வலுக்குறைந்த விசை. உள்ளே எதிர்-ஸ்ட்ரேஞ்ச், எதிர்-அப்பாக மாறி ஒரு டபிள்யூ பிளஸ்ஸை (வலுக்குறைந்த விசையின் தூதுத் துகள்) விடுகிறது, அது அப்பும் எதிர்-டவுனுமாகப் பிரிகிறது. ஆயுள் 12 நானோ நொடி. ரோ இரண்டு பையான்களாக 10⁻²⁴ நொடி அளவிலேயே உடைந்துவிடுவதோடு ஒப்பிட்டால் இது ஒரு யுகம். பை பிளஸ்ஸைவிட லேசான மீசான் பை ஜீரோ மட்டும்தான், அதுவும் கொஞ்சம்தான் லேசு, எனவே ஏறக்குறைய எப்போதும் மியூவானும் நியூட்ரினோவும்தான் வழி, 26 நானோ நொடி. பை ஜீரோவுக்கு இரண்டு ஃபோட்டான் போதும், 8.5 × 10⁻¹⁷ நொடியில் முடிந்துவிடும்.

ஜே-சைக்கு இதே கணக்கைப் போட்டால் 1974 நவம்பரில் ஏன் அவ்வளவு பரபரப்பு என்று புரியும். சார்ம் ஜோடி வெளியே போக இரண்டு டி மீசான் வேண்டும், குறைந்தது 3730. கையில் 3097தான் இருக்கிறது. கதவு மூடியாயிற்று. அதனால் அந்த நிறைக்கு எதிர்பார்க்கவே முடியாத அளவு நீண்ட நேரம் நிற்கிறது, சோதனையில் ஊசி மாதிரி ஒரு முனையாகத் தெரிந்தது. புரூக்ஹேவனில் டிங்கும் ஸ்டான்ஃபோர்டில் ரிக்டரும் தனித்தனியாகக் கண்டார்கள், இருவருக்கும் 1976 நோபல். குவார்க்கை வெறும் கணக்குக் குறியீடு என்று சொல்லிக்கொண்டிருந்தவர்களில் பலர் அதோடு வாயை மூடிக்கொண்டார்கள்.

கே ஜீரோவுக்கு ஒரு எச்சரிக்கை. உண்டாகும்போது அது கே ஜீரோ அல்லது எதிர் கே ஜீரோ. சிதையும்போது அப்படி இல்லை, இரண்டும் கலந்த குறு ஆயுள் கேயான் (0.09 நானோ நொடி), நெடு ஆயுள் கேயான் (51 நானோ நொடி) என்று இரண்டு. இந்த நெடு ஆயுள் ஆள் எப்போதாவது இரண்டு பையான்களாகவும் சிதைவதை 1964-இல் குரோனினும் ஃபிட்சும் பார்த்ததுதான் சிபி மீறல், அதாவது துகளை எதிர்த்துகளாக்கிக் கண்ணாடியிலும் திருப்பினால் இயற்கை அப்படியே இருக்காது என்பது.

போட்டுப் பாருங்கள்

மின்னூட்டம் −1, சார்ம் −1, ஸ்ட்ரேஞ்ச்னெஸ் −1: எதிர்-சார்ம், ஸ்ட்ரேஞ்ச், டிஎஸ் மைனஸ். மின்னூட்டம் 0, பாட்டம் எண் −1, ஸ்ட்ரேஞ்ச்னெஸ் +1: பாட்டம், எதிர்-ஸ்ட்ரேஞ்ச், எதிர் பிஎஸ். மின்னூட்டம் +1, ஸ்ட்ரேஞ்ச்னெஸ் −1? ஸ்ட்ரேஞ்ச் குவார்க் −1/3, கூட எந்த எதிர்க்குவார்க்கைப் போட்டாலும் அதிகபட்சம் +1/3, மொத்தம் 0-ஐத் தாண்டாது. மீசான் இல்லை. ஆனால் அப்படி ஒரு துகள் உண்டு, சிக்மா பிளஸ், நிறை 1189: இரண்டு அப், ஒரு ஸ்ட்ரேஞ்ச். அது பேரியான்.